சுண்டுவிரலைக் கேட்டு வாங்கிய விசைப்பலகை

பதினோரு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் பிழைப்பு. திருச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு ஆறு ஏழு மணி நேரம் தமிழில் தட்டச்சு செய்கிறேன். இவ்வளவு காலமும் விசைப்பலகையையும் மவுஸையும் நான் பார்த்துத் தேர்ந்து வாங்கியதே இல்லை. கணினி வாங்கும்போது கூட வந்ததை வைத்துக்கொண்டேன். அது பழுதானபோது கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கினேன். மூன்றாவது முறை, மேசையில் இடம் மிச்சமாகுமே என்று மிகச் சிறிய விசைப்பலகை ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், நானூறு பக்கக் கையேடு ஒன்றை ஆறு வாரத்தில் தமிழாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நான்காம் வாரத்தில் ஒரு நாள் காலை, இட்லி மாவுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து வலக்கையால் தூக்கியபோது, மணிக்கட்டின் வெளிப்பக்கத்தில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, சுரீரென்று ஒரு வலி ஓடியது. பாத்திரத்தை மேடைமேல் வைப்பதற்குள் கை நழுவப் பார்த்தது. மருத்துவர் கையைத் திருப்பியும் மடக்கியும் பார்த்துவிட்டு, நரம்பில் கோளாறு இல்லை, ஓய்வில்லாத ஒரே மாதிரி வேலையால் தசைநாண்கள் நொந்திருக்கின்றன என்றார். பிறகு, “எந்த விரலுக்கு அதிகம் வேலை கொடுக்குறீங்க?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. (இரவில் கை மரத்துப்போவது, விரல்நுனியில் ஊசி குத்துவது போன்ற தொல்லை இருப்பவர்கள் புதிய மவுஸ் வாங்குவதற்கு முன் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பொருள் வாங்கித் தீர்த்துவிட முடியாது.)

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். மணிக்கொரு தரம் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதுவேன். வார முடிவில் பார்த்தபோது, எண் விசைகளை வரிசையாக அடிக்கும் வேலை எனக்கு ஏறக்குறைய இல்லை என்பதும், மவுஸை நான் பெரும்பாலும் பக்கத்தை உருட்டவும் சொற்களைத் தேர்ந்தெடுக்கவும்தான் பயன்படுத்துகிறேன் என்பதும், வலி கூடிய மணிகளெல்லாம் விடாமல் தமிழ் அடித்த மணிகளே என்பதும் தெரிந்தன. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிய நாளில் கை அவ்வளவாக வலிக்கவில்லை. இந்தக் கடைசிக் குறிப்பு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

நான் அடிப்பது தமிழ்99 முறை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த முறையில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருக்கின்றன. பதினெட்டு மெய்களில் வ, ங இரண்டைத் தவிர மீதிப் பதினாறும் வலக்கைக்கு உரியவை. அகரம் ஏறிய மெய்க்குத் தனியாக உயிர் அடிக்கத் தேவையில்லை. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் புள்ளி தானாக வந்து விழும். கற்பவருக்கு இவை பெரிய வசதிகள். ஆனால் இவற்றாலேயே இடக்கை பல இடங்களில் சும்மா இருக்க, வலக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘பக்கம்’ என்ற சொல்லுக்கு ஐந்து விசைகள் தட்ட வேண்டும். அவற்றில் நான்கு வலக்கையுடையவை.

விரல் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னும் தெளிவானது. ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு மெய்களும் வலக்கைச் சுண்டுவிரலின் எல்லைக்குள் வருகின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பகுதியில் பி என்ற எழுத்து ஒன்றைத் தவிர மற்றவை அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்பு, சாய்கோடு போன்ற குறிகள். ஆங்கிலம் அடிப்பவர் எப்போதாவது தொடும் இடங்கள். நமக்கோ அங்கேதான் ந இருக்கிறது, ய இருக்கிறது, ச இருக்கிறது. ‘நியாயம்’ என்று அடிக்கும்போது ஏழு தட்டல்களில் மூன்றைச் சுண்டுவிரலே தட்டுகிறது. இவை போதாதென்று என்டரும் பேக்ஸ்பேஸும் அதே விரலின் பொறுப்பில் இருக்கின்றன. தமிழ்99 மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. சில நாட்களில் கற்றுக்கொள்ள முடிகிற, காலம் முழுக்கச் சோறு போடுகிற முறை அது. ஆனால் இந்த முறையில் நாளெல்லாம் அடிப்பவருக்கு விசைப்பலகையின் வலக்கோடி எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதை எந்தக் கடையிலும், எந்த விளம்பரத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் ஆசைப்பட்டு வாங்கிய சிறிய விசைப்பலகையை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். அளவுகோலை வைத்து அளந்தேன். நடுவில் உள்ள எழுத்து விசைகள் வழக்கமான இடைவெளியில், அதாவது ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருந்தன. வலக்கோடிக்குப் போகப்போக விசைகள் ஒடுங்கின. மேல்நோக்கு அம்புக்குறியை நுழைப்பதற்காகச் சாய்கோட்டு விசையை, அதாவது என் ழகரத்தை, முக்கால் பங்காகக் குறுக்கியிருந்தார்கள். யகர விசைக்கும் அதே கதி. சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் இலக்குத் தவறிவிடாமல் இருக்க, நான் என்னை அறியாமல் மணிக்கட்டையே வெளிப்பக்கம் வளைத்துக் கையைக் கொண்டுபோயிருக்கிறேன். மருத்துவர் தொட்டுக் காட்டிய இடமும் அந்த வளைவு விழும் இடமும் ஒன்றே.

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது ஒரு முழு நாளை ரிச்சி தெருவுக்கென்று ஒதுக்கினேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் நெருங்கி நிற்கும் அந்தக் கடைகளில், கேட்டால் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம்; விசையின் அழுத்தம் விரலுக்கு எப்படி இருக்கிறது என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. மூன்று சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: செய்தி, நியாயம், வாழ்க்கை. எந்த விசைப்பலகையை எடுத்தாலும் கணினியில் இணைக்காமலேயே இந்த மூன்றையும் இருபது முப்பது முறை தட்டிப் பார்த்தேன். விரலுக்கு இடம் தெரிந்தால் போதும், திரை தேவையில்லை. “டைப்பிங்குக்கா கேமுக்காம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்த கடைப் பெரியவர், நான் தட்டுவதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, “டிடிபி வேலையா? அப்ப சின்னதெல்லாம் வேண்டாம்மா, கை போயிரும்” என்று தானாகவே நான்கு பெட்டிகளை ஒதுக்கி வைத்தார்.

அவர் முதலில் எடுத்து வைத்தது டிவிஎஸ் கோல்டு. தமிழ்நாட்டில் டிடிபி கடைகளில், அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அமைத்துத் தரும் கடைகளில், வேலை பார்த்த எவருக்கும் அந்த ஓசை மறக்காது. சென்னை நிறுவனத்தின் அந்த விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே நீல விசைப்பொறி என்ற தனி சுவிட்ச் இருக்கும், ஒவ்வொரு தட்டலுக்கும் ‘டக்’ என்று தெளிவாக ஒலிக்கும், வருடக்கணக்கில் உழைக்கும். நான் வேலை கற்றுக்கொண்ட கடையில், எழுத்தெல்லாம் அழிந்துபோன பிறகும் ஒரு விசைகூட மக்கர் செய்யாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. இருந்தாலும் வாங்கவில்லை. காரணங்கள் இரண்டு. என் வேலையில் பாதி, இரவு ஒன்பதுக்கு மேல், மகள் அதே அறையில் தூங்கும்போது நடக்கிறது. அடுத்தது, நீல விசைப்பொறிக்கு ஏறக்குறைய 60 கிராம் அழுத்தம் கொடுக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நொந்துபோன சுண்டுவிரலுக்கு நாளில் பல்லாயிரம் முறை அது பெரிய பாரம்.

விசைப்பொறிகளின் நிறங்களைப் பற்றிக் குழம்புகிறவர்களுக்கு, நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். சாதாரண விலைகுறைந்த விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ரப்பர் குமிழ் இருக்கிறது. அதை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். பழகப்பழக ரப்பர் தளர்ந்து, சில விசைகள் இளகியும் சில இறுகியும் போகும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்பிரிங்கும் பொறியும் உண்டு. இந்தப் பொறிகளைச் செய்யும் செர்ரி நிறுவனத்தின் அளவுகளின்படி மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் விசை, பாதி வழியிலேயே, ஏறக்குறைய 2 மில்லிமீட்டரில் எழுத்தைப் பதித்துவிடும். சிவப்பு, தடையில்லாமல் வழுக்கி இறங்கும்; விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழுந்துவிடுமோ என்று தொடக்கத்தில் பயமாக இருந்தது. நீலம், தடையும் ஓசையும் சேர்ந்தது. பழுப்பில் ஓசை குறைவு, ஆனால் எழுத்து பதிகிற இடத்தில் சின்ன மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அந்த மேடு தெரிந்ததும் விரலை எடுத்துவிடப் பழகினால், அடிவரை குத்தாமல் அடிக்க முடிகிறது. எனக்கு இந்தப் பழக்கம் வர ஒரு மாதம் ஆனது. சுண்டுவிரலுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அதுவே. எனவே பழுப்பை எடுத்தேன்.

அளவைப் பொறுத்தவரை, எழுத்துப் பகுதி முழு அளவிலும் அம்புக்குறிகள் தனியாகவும் இருந்து, வலப்பக்க எண் தொகுதி மட்டும் இல்லாத வகையைத் தேர்ந்தேன். இதை 87 விசைகள் கொண்ட வகை என்பார்கள். முழு விசைப்பலகை ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் அகலம். இது 36 சென்டிமீட்டர்தான். அந்த எட்டு சென்டிமீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மவுஸை எடுக்க வலக்கை அவ்வளவு தூரம் குறைவாக விலகினால் போதும் என்பதால், மாலையில் தோள்பட்டையில் இருந்த கனமும் குறைந்தது.

விசைப்பலகை வீட்டுக்கு வந்தபின் செலவில்லாமல் செய்த இரண்டு மாற்றங்கள், அது தந்த பலனில் பாதியையாவது தந்திருக்கும். பின்பக்கம் இருக்கும் மடக்குக் கால்களை நிமிர்த்தி வைப்பதுதான் சரியான முறை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருக்கும். கால்களை மடக்கிவிட்டு, பலகையைத் தட்டையாக வைத்தேன். அடுத்தது உயரம். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையும் எழுது மேசையும் பெரும்பாலும் இரண்டரை அடி உயரம். என்னைப் போன்ற ஐந்தடி உயரக்காரருக்கு அது அதிகம். முழங்கை விசைகளின் மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்தி, தொங்கிய கால்களுக்குக் கீழே பழைய அகராதிக் கட்டு ஒன்றை வைத்தேன். பிறகு மரத்தில் ஒரு கால்மணை செய்து வாங்கிக்கொண்டேன்.

மவுஸ் விஷயத்தில் வழி இவ்வளவு நேராக அமையவில்லை. அதுவரை நான் வைத்திருந்தது மடிக்கணினிப் பையில் போட்டுச் செல்வதற்கான குட்டி மவுஸ். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை என் கை பதினேழரை சென்டிமீட்டர். அந்த மவுஸோ ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் பிடிக்க இடமில்லாமல் மேசையில் இழுபட்டன. உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. கையை நீட்டி அளந்துகொண்டு போவது எளிய வேலை. சட்டை வாங்கும்போது செய்வதை மவுஸுக்கு நாம் செய்வதில்லை.

கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் நல்லது என்று பலர் சொன்னதைக் கேட்டு, ஒன்றை இணையத்தில் வாங்கினேன். முன்கை முறுக்கிக்கொள்ளாமல் இயல்பாக இருக்கும் என்பது உண்மை. முதல் வாரத்திலேயே முழங்கைப் பக்கம் இருந்த பிடிப்பு தளர்ந்தது. ஆனால் பெரிய கைக்கான அளவை வாங்கிவிட்டேன். கட்டைவிரல் பக்க விசைகளை எட்டவில்லை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் துல்லியமாகச் சுட்டியை வைக்க வேண்டிய மெய்ப்பு வேலையில் கை தடுமாறியது. அது இப்போது நெட்டையான என் தம்பியிடம் இருக்கிறது; அவனுக்குக் கச்சிதம்.

நோட்டுப் புத்தகத்தை மறுபடி புரட்டியபோதுதான் வேறொன்று புலப்பட்டது. மெய்யெழுத்தின் சுமையெல்லாம் வலக்கையில். மவுஸும் வலக்கையில். எவ்வளவு நல்ல மவுஸ் வாங்கினாலும், ஏற்கெனவே களைத்த கைக்கே அதையும் கொடுக்கப் போகிறேன். மவுஸை இடப்பக்கம் மாற்றினேன். முதல் மூன்று நாள் அழுகை வராத குறை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க நினைத்தால் பத்தியே நீலமாகும். நெருக்கடியான வேலை இல்லாத வாரத்தில் தொடங்கியதும், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் இடக்கை, பிறகு வலக்கை என்று சிறுகச் சிறுகக் கூட்டியதும் கைகொடுத்தன. மூன்றாம் வாரம் முடிவில் இடக்கை பழகிவிட்டது. இடக்கைக்கு மவுஸ் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைகளில் அழகாக வளைத்துச் செதுக்கி வைத்திருக்கும் மவுஸ்கள் அநேகமாக எல்லாமே வலக்கைக்கானவை. இருபுறமும் ஒரே வடிவமுள்ளதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நான் எடுத்தது அப்படிப்பட்ட, பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, கம்பி வைத்த சாதாரண மவுஸ்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் சுட்டி எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. 1920 புள்ளி அகலமுள்ள வழக்கமான திரையில், 1000 டிபிஐ மவுஸை இரண்டு அங்குலம் நகர்த்தினாலே சுட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். எழுத்து வேலை செய்பவருக்குப் பதினாறாயிரம் டிபிஐயால் ஆவது ஒன்றுமில்லை. அந்தக் காசை நல்ல உருளையுள்ள மவுஸுக்குக் கொடுக்கலாம். மெய்ப்புப் பார்ப்பவரின் விரல் நாள் முழுதும் இருப்பது உருளைமேல்தான்.

கம்பியில்லா மவுஸ் வேண்டுமென்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதனுடன் வரும் சின்ன யுஎஸ்பி துண்டை யுஎஸ்பி 3 செருகுவாய்க்குப் பக்கத்தில், வெளி ஹார்டு டிஸ்க்கை ஒட்டிச் செருகினால், சுட்டி விட்டுவிட்டு நகரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே குறுக்கீடு உண்டு. ஒரு குட்டி நீட்டிப்புக் கம்பியால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தாலே சரியாகிவிடும். தெரியாமல் மவுஸ் பழுது என்று நினைத்து இரண்டு முறை கடைக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

என் தேர்வு எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. என் அக்கா ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். எண் தொகுதி இல்லாத என் விசைப்பலகையைப் பார்த்துவிட்டு, “இதை வச்சு நான் என்னடி செய்றது?” என்றார். அவருக்கு வலக்கை நாளெல்லாம் எண் தொகுதிமேல் இருக்கும். அதனால் முழு அளவு விசைப்பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, மவுஸை மட்டும் இடக்கைக்கு மாற்றச் சொன்னேன். அவருடைய அலுவலகத்தில் நீல விசைகளின் ஓசை யாருக்கும் தொந்தரவில்லை என்பதால், நான் ஆசைப்பட்டும் வாங்காமல் வந்த டிவிஎஸ் கோல்டு அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. வலக்கையில் மெல்லிய நடுக்கம் உண்டு. ஊர்க்கோயில் கணக்கையும் உறவினருக்கான கடிதங்களையும் கணினியில் எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எடை குறைந்த மவுஸ் அவர் கையில் துள்ளியது. சற்றுக் கனமான, பெரிய மவுஸ் நின்று நிதானமாக நகர்ந்தது. இருமுறை சொடுக்குவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடுகிறது என்பதால், விண்டோஸில் ஒரே சொடுக்கில் கோப்பு திறக்கும்படி மாற்றினேன். ஒரே எழுத்து மூன்று நான்கு முறை விழுவதைத் தடுக்க, ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கி வைத்தேன். வேகமாக மறுபடி மறுபடி விழும் தட்டல்களை அது ஒதுக்கிவிடும். விசைப்பலகைக்கு அவரிடம் ஒரே நிபந்தனைதான்: எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கறுப்பு விசைகளில் வெள்ளையில் பெரிய தமிழ் எழுத்துள்ள ஒட்டிகளை வாங்கி, சனிக்கிழமை மதியம் இருவருமாக உட்கார்ந்து ஒட்டினோம். விரல் வியர்வையில் ஒட்டிகளின் ஓரம் ஓர் ஆண்டில் உரியத் தொடங்கும் என்பதால் இரண்டு தாள்களாக வாங்கி வைத்திருக்கிறேன். ந, ய, க, புள்ளி ஆகிய நான்கையும் இதற்குள் ஒரு முறை மாற்றியாகிவிட்டது.